முதுசமும் உரிமையும் – தேசவழமைச் சொற்கள் பற்றிய ஒரு நோக்கு

தமிழில் வழங்கும் சட்டச் சொற்களை விளக்க முற்படுவோரிடையே ஒன்றுக்கொன்று மாறான இரு மனப்பாங்குகளைக் காணலாம். சொல்லின் வேரைக் கண்டறிந்தால் அதன் சட்டப்பொருளும் தானே புலனாகும் என்பது ஒன்று. சட்டம் ஒரு சொல்லுக்கு வரைவிலக்கணம் தந்தபின்னர் அதன் வேரை ஆராய்வது வீண் என்பது மற்றையது. முன்னையது மொழி கற்றோரிடமும் பின்னையது சட்டம் கற்றோரிடமும் மிகுதியாகக் காணப்படுவது இயல்பே. ஆயினும் இவ்விரண்டும் குறையுடையன. வேரும், மக்கள் வழக்கும், சட்டம் விதித்த பொருளும் மூன்று வேறு பொருள்கள். அவற்றை ஒன்றாகக் குழப்பினாலும், ஒன்றைக்கொண்டு மற்றொன்றை மறைத்தாலும் இழப்பு நேர்வது சொல்லுக்கு மட்டுமன்று. அச்சொல்லால் காணியையும் வீட்டையும் பெறும் மனிதருக்குமாகும். யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமாகிய தேசவழமையில் வழங்கும் சில சொற்கள் இதற்குத் தக்க சான்றாக அமைகின்றன.

தேசவழமை என்னும் பெயரையே முதலில் நோக்கலாம். தேசம் என்பது வடசொல். இக்காலத்தில் அது ஓர் அரசின் கீழமைந்த நாடு முழுவதையும் குறிக்கின்றது. ஆனால் பழைய வழக்கில் அது ஒரு நிலப்பகுதியையே குறித்தது. எனவே தேசவழமை என்பது நாட்டுச் சட்டமன்று. ஒரு பகுதியின் வழக்கமாகும். வழமை என்பது வழங்கு என்னும் வினையோடு உறவுடையது. அதே வினையடியாகப் பிறந்தவை வழக்கம், வழக்கு என்பனவும். இலக்கணநூலார் வழக்கு என்னுஞ் சொல்லால் மக்கள் மொழியைப் பயன்படுத்தும் முறையைக் குறித்தனர். உலகவழக்கு, செய்யுள்வழக்கு என்பன மாணவர் யாவரும் அறிந்த தொடர்கள். திருக்குறளுக்கு உரைகண்ட பரிமேலழகரோ அறத்தை ஒழுக்கம், வழக்கு, தண்டம் என மூன்றாகப் பகுத்து, ஒரே பொருளைப் பலர் தத்தமது எனக்கொண்டு தம்முள் மாறுபடுவதனையே வழக்கு என விளக்கினார். இன்று நீதிமன்றத்தில் தொடுக்கப்படும் வழக்கு இப்பொருளின் வழிவந்தது.

ஒரே வேரில் ஒருபுறம் உடன்பாடும் மறுபுறம் முரண்பாடும் தோன்றியிருப்பது முதற்பார்வைக்கு வியப்பளிக்கலாம். எனினும் வழமைச்சட்டத்தின் இயல்பை நோக்குவார்க்கு இது பொருத்தமாகவே தோன்றும். ஊரார் யாவரும் ஒருமுகமாகக் கைக்கொள்ளும் வரை வழக்கத்தை எழுதிவைக்கவேண்டிய தேவை எழுவதில்லை. ஒருவர் மறுத்துரைக்கும்போதே வழமை எது என்னும் வினா பிறக்கின்றது. வழமையானது வழக்கின் வாயிலாகவே எழுத்தேறுகின்றது. ஒல்லாந்தர் ஆட்சிக்காலத்தில் யாழ்ப்பாணத்துத் திசாவையாயிருந்த கிளாஸ் ஐசாக்ஸ் இவ்வழமைகளைத் தொகுத்து 1707ஆம் ஆண்டில் அளித்தமைக்கும் இத்தகைய தேவையே காரணம். தமிழறியாத ஆட்சியாளர் தமிழர் பிணக்குகளைத் தீர்க்க வேண்டியிருந்தது. டச்சு மொழியில் எழுதப்பட்ட அத்தொகுப்பு தமிழில் மொழிபெயர்க்கப்பட்டுப் பன்னிரு முதலிமாரின் பார்வைக்கு வைக்கப்பட்டது. பின்னர் ஆங்கிலேயர் 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரமாணத்தால் அதற்குச் சட்டவலு அளித்தனர்.

இவ்வரலாற்றில் மொழிநூல் மாணவர் கவனிக்கவேண்டிய செய்தியொன்றுண்டு. தமிழர் வாயில் வழங்கிய சொற்கள் டச்சு மொழி வாக்கியங்களினுள் அயலெழுத்திற் புகுந்தன. அங்கிருந்து ஆங்கிலத்திற்குச் சென்றன. ஆங்கிலச் சட்டத்தில் கலைச்சொற்களாக இறுகியபின்னரே மீண்டும் தமிழுக்கு வந்தன. புறப்பட்ட சொல்லும் திரும்பிவந்த சொல்லும் ஒலியால் ஒன்று. பொருளாலும் ஒன்றுதானா என்பதே வினா.

முதுசம் என்னுஞ் சொல்லில் இவ்வினா தெளிவாக எழுகின்றது. இதன் முந்திய வடிவம் முதுசொம் என்பதாகும். முது என்பது பழைமை குறித்த தமிழ் அடி. சொம் என்பது தன்னுடையது எனப் பொருள்படும் வடசொல்லின் திரிபு. முன்னோரதாயிருந்து தன்னதானது என்னும் கருத்தை இருபகுதிகளும் சேர்ந்து உணர்த்துகின்றன. வேரை மட்டும் நோக்குவோர், முன்னோரிடமிருந்து வந்த எந்த ஆதனமும், ஆணுக்கு வரினும் பெண்ணுக்கு வரினும், முதுசமே என்பர். ஆனால் 1707ஆம் ஆண்டுத் தொகுப்பு அவ்வாறு கூறவில்லை. மணவாழ்வில் ஒன்றுசேரும் பொருள்களை வகுக்கும்போது, கணவன் கொண்டுவருவது முதுசம் எனவும், மனைவி கொண்டுவருவது சீதனம் எனவும், மணவாழ்வின்போது ஈட்டப்படுவது தேடியதேட்டம் எனவும் அது பிரிக்கின்றது. ஆதியில் கணவனின் முதுசம் ஆண்மக்களையும், மனைவியின் சீதனம் பெண்மக்களையும் சேர்ந்தன என்றும், பிற்காலத்தில், சிறப்பாகப் போர்த்துக்கேயர் ஆட்சியில், இம்முறை நெகிழ்ந்தது என்றும் அத்தொகுப்பிலிருந்து அறிகின்றோம். அங்கே முதுசம் என்பது ஆதனத்தின் பழைமையை மட்டுமன்றி, அது வந்த பக்கத்தையும் சுட்டிநின்றது. முதுசமும் சீதனமும் ஒரு துலாக்கோலின் இரு தட்டுகள் போன்றிருந்தன.

1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க யாழ்ப்பாண விவாக உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச்சட்டம் இந்நிலையை மாற்றியது. தாய், தந்தை அல்லது மேல்வழி முன்னோர் ஒருவர் இறந்தவிடத்து வழியுரிமையால் ஒருவரைச் சேரும் ஆதனமே முதுசம் என்று அது வரையறுத்தது. பெறுபவர் ஆணா பெண்ணா என்பது வரையறையில் இடம்பெறவில்லை. மேலோட்டமாக நோக்கின், சட்டம் சொல்லின் வேருக்கே திரும்பிவிட்டது எனத் தோன்றும். ஆனால் இது தற்செயலான ஒற்றுமையேயன்றி மொழியாராய்ச்சியின் விளைவெனக் கொள்வதற்கில்லை. வேருக்குத் திரும்பிய அதே வேளையில், இரு நூற்றாண்டுகளாக எழுத்தில் நின்ற முதுசம், சீதனம் என்னும் எதிர்நிலை குலைந்தது. வேரை நோக்கித் திருத்தப்பட்ட சொல் வழக்கிலிருந்து விலகக்கூடும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று கிடைப்பதரிது. இக்காலத்தில் பண்பாட்டு முதுசம், கலை முதுசம் எனப் பேசும்போது அச்சொல் ஆதனச்சட்டத்தின் எல்லையையும் கடந்து ஓர் இனத்தின் பொதுச்செல்வத்தைக் குறிக்கின்றது. ஒரே சொல்லில் மூன்று காலத்துப் பொருள்கள் படிந்துள்ளன.

முதுசத்திற்கு அடுத்து அதே சட்டம் வரையறுப்பது உரிமை என்னுஞ் சொல்லை. தாய், தந்தை, மேல்வழி முன்னோர் ஆகியோரல்லாத பிற உறவினரின் இறப்பால் ஒருவரைச் சேரும் ஆதனத்திற்கு அச்சட்டம் இட்ட பெயர் இதுவாகும். யாழ்ப்பாணப் பேச்சில் உருமை என ஒலிப்பதற்கேற்பவே ஆங்கிலச் சட்டத்திலும் அது எழுதப்பட்டது. பிள்ளையின்றி இறந்த சகோதரனின் காணி உடன்பிறந்தாளைச் சேருமாயின் அது அவளுக்கு முதுசமன்று, உரிமையாகும். ஆங்கிலத்தில் எழுதப்பட்ட சட்டத்தில் இச்சொல்லால் இடர்ப்பாடு எதுவும் எழவில்லை. அயல்மொழி வாக்கியத்தினுள் அது தனித்து நின்றது. வேறு எச்சொல்லோடும் மயங்கவில்லை.

அச்சட்டம் தமிழிற் பேசத் தொடங்கும்போதே இடர் எழுகின்றது. உரியது என்பதன் அடியாகப் பிறந்த உரிமை, தமிழில் மிக விரிந்த பொருளுடைய சொல். பழைய நூல்களில் அது மனைவியையும் அரசனின் மகளிரையும் குறித்து நின்றதுண்டு. இன்றோ அது மனிதனுக்குரிய எல்லாத் தகுதிப்பாட்டையும் குறிக்கும் பொதுச்சொல். 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் மூன்றாம் அத்தியாயம் பேசுவது அடிப்படை உரிமைகளைப் பற்றியே. மேற்கூறிய 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் தமிழ்ப்பெயரை நோக்கினாலே குழப்பம் விளங்கும். தலைப்பில் வரும் விவாக உரிமை என்பதில் உரிமை பொதுப்பொருளில் நிற்கின்றது. மரபுரிமை என்பதில் அது வழிவழி வந்தடையும் பேற்றைக் குறிக்கின்றது. உள்ளே 16ஆம் பிரிவில் வரும் உரிமையோ, நேர்மரபின் வழியே வாராத ஆதனத்தைக் குறிக்கின்றது. தலைப்பில் மரபோடு இணைந்து நின்ற சொல், உள்ளே அந்நேர்மரபுக்குப் புறம்பானதன் பெயராகின்றது. ஆங்கிலம் அறியாத தமிழர் ஒருவர் இதனைப் படித்துப் பொருள்கொள்ள இயலுமா என்பது எளிதில் ஒதுக்கத்தக்க வினாவன்று.

இங்கே தமிழிலக்கணம் ஓர் ஒளி தருகின்றது. ஆறாம் வேற்றுமையின் பொருளைக் கிழமை எனக்கொண்ட இலக்கணநூலார் அதனைத் தற்கிழமை, பிறிதின்கிழமை எனப் பகுத்தனர். சாத்தனது கை என்பதும் சாத்தனது வீடு என்பதும் ஒரே உருபால் அமைந்தாலும் உறவு ஒன்றல்ல; கை சாத்தனிலிருந்து பிரியாதது, வீடு பிரிந்து நிற்பது. உருபு ஒன்றாயிருப்பதனால் உறவும் ஒன்றென மயங்கலாகாது என்பது அவர்கள் உணர்த்திய நெறி. சட்டத்திற்கு இந்நெறி மேலும் ஒருபடி சென்று பயன்படுகின்றது. சாத்தனது வீடு என்பதோடு இலக்கணம் அமைதிகொள்ளலாம். அவ்வீடு எவ்வழியே சாத்தனை வந்தடைந்தது என்று தேசவழமை மேலும் கேட்கின்றது. தாய்வழி வந்ததா, தந்தைவழி வந்ததா, மணத்தோடு வந்ததா, உழைப்பால் வந்ததா என்னும் வினாவின் விடையைப் பொறுத்தே அது எங்கே செல்லும் என்பது அமைகின்றது. வந்த வழியைச் சுட்டுவதே இச்சொற்களின் பணி. அந்த வழியை மறைக்கும் மொழிபெயர்ப்பு அச்சொற்களின் உயிரையே மாய்த்துவிடுகின்றது.

சீதனம் என்பதை எடுத்துக்கொள்ளலாம். இதனைத் திருவின் தனம் எனப் பொருள்கொண்டு ஸ்ரீதனம் என எழுதுவாரும் உளர். மங்கலம் கருதிய இவ்வெழுத்து மூலத்தை மறைக்கின்றது. பெண்ணின் தனம் எனப் பொருள்படும் ஸ்திரீதனம் என்னும் வடசொல்லே சீதனமாகத் திரிந்தது. தமிழகத்தில் பெருவழக்காயுள்ள வரதட்சிணை என்பதோடு இதனை ஒப்பிடின் வேறுபாடு விளங்கும். வரதட்சிணை என்பது மணமகனுக்கு அளிக்கும் தட்சிணை. முன்னைய சொல் பொருளைப் பெண்ணிடம் வைக்கின்றது; பின்னையது ஆணிடம் வைக்கின்றது. இந்தியாவில் 1961ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட தடைச்சட்டத்தைத் தமிழர் வரதட்சிணைத் தடைச்சட்டம் என்றே வழங்குகின்றனர். யாழ்ப்பாணத்தில் மகளின் பெயரில் எழுதப்படும் ஆதனம் சீதனம் எனவும், மணமகன் வீட்டாருக்குக் கையளிக்கப்படும் பணம் நன்கொடை எனவும் வேறு பெயர்களால் அழைக்கப்படுவது இதனோடு வைத்து எண்ணத்தக்கது. பேச்சில் இவ்விரண்டையும் சீதனக் கொடுமை என்னும் ஒரே தொடருள் அடக்கிவிடுவோர், பெண்ணிடம் நிற்பதையும் பெண்ணைக் கடந்துசெல்வதையும் வேறுபடுத்திய ஒரு பயனுள்ள பாகுபாட்டை இழந்துவிடுகின்றனர்.

ஆனால் வேரைக்கண்டு மகிழ்ந்து நின்றுவிடவும் இயலாது. சீதனம் பெண்ணின் தனம் என்பதனால் தேசவழமையில் பெண் தன் ஆதனத்தின்மீது முழு ஆட்சியுடையவள் என முடிவுகட்டும் கட்டுரைகள் இல்லாமலில்லை. இது வேரைச் சட்டமாக மயங்கியதன் விளைவு. பழைய வழமையின்படி சீதனம் பெற்ற மகள், பெற்றாரின் எஞ்சிய ஆதனத்திற் பங்குகேட்க இயலாது. சீதனமே அவளது பங்கின் முடிவு. மேலும் 1911ஆம் ஆண்டுச் சட்டம் மணமான பெண்ணின் ஆதனத்தை அவளது தனியாதனம் என ஏற்றுக்கொண்டபோதிலும், தன் அசைவற்ற ஆதனத்தை அவள் வாழ்நாளில் கைமாற்றுவதற்குக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என அதன் 6ஆம் பிரிவு விதித்தது. சொல் பெண்ணின் தனம் என்கின்றது. உறுதி முடிப்பதற்கோ ஆணின் கையொப்பம் வேண்டப்படுகின்றது. சொல்லின் வேர் ஒரு வாக்குறுதி. சட்டம் அதனை நிறைவேற்றிற்றா என்பது தனியே ஆராயப்படவேண்டியது. வேரை அறிந்தவனுக்கே இம்முரண்பாடு புலனாகும். வேரோடு நின்றுவிடுபவனுக்கு அது புலனாவதில்லை.

தேடியதேட்டம் என்னும் தொடர் மேலும் நுட்பமானது. ஓடு என்பதிலிருந்து ஓட்டமும், ஆடு என்பதிலிருந்து ஆட்டமும் பிறந்தாற்போலத் தேடு என்பதிலிருந்து தேட்டம் பிறந்தது. தேட்டம் என்பதே தேடிய பொருளைக் குறிக்குமாயின், தேடிய என்னும் அடை எதற்கு? கூறியது கூறல் எனக் குற்றங்காண்பது எளிது. ஆனால் இன்றைய முதுசமும் ஒருகாலத்தில் எவரோ ஒருவரின் தேட்டமாயிருந்ததே. தந்தை தேடியது மகனுக்கு முதுசம். ஆகவே இத்தம்பதியர், இம்மணவாழ்வில், தாமே தேடியது என வரையறுப்பதற்கு அவ்வடை பயன்படுகின்றது எனக்கொள்ளின், இதனை வழுவெனல் பொருந்தாது; வரைவிலக்கணமாகவே கொள்ளத்தகும். பெயரிலேயே உழைப்பைப் பொதிந்துவைத்திருக்கும் சொல் இது. இருவர் உழைப்பாகக் கருதப்பட்டமையினாலேயே அது இருவருக்கும் பொதுவாயிற்று.

1911ஆம் ஆண்டுச் சட்டம் இவ்வுழைப்பைக் கைவிட்டு விலையைப் பற்றிக்கொண்டது. மணவாழ்வின்போது கணவனோ மனைவியோ பெறுமதி கொடுத்துப் பெற்ற ஆதனம் தேடியதேட்டம் என்றது. கொடுத்த பெறுமதி எங்கிருந்து வந்தது என்று அவ்வரையறை கேட்கவில்லை. மனைவி தன் சீதனப் பணத்தைக் கொடுத்து மணத்தின்பின் ஒரு காணியை வாங்கினால் அக்காணி சீதனமா, தேடியதேட்டமா? வேரை நோக்கின் அது தேடப்பட்டதன்று; உருமாறியது மட்டுமே. எழுத்தை நோக்கின் அது பெறுமதி கொடுத்துப் பெறப்பட்டதே. தேடியதேட்டமாயின் பாதி கணவனைச் சேரும். 1920ஆம் ஆண்டின் நல்லையா எதிர் பொன்னையா, 1933ஆம் ஆண்டின் அவிச்சி செட்டியார் எதிர் இராசம்மா முதலிய வழக்குகளில் தேடியதேட்டத்தின் வரையறை நீதிமன்றங்களின் ஆராய்ச்சிக்குள்ளாயிற்று. ஈற்றில் 1947ஆம் ஆண்டின் 58ஆம் இலக்கத் திருத்தச்சட்டம், கொடுக்கப்பட்ட பெறுமதி அவரது தனியாதனத்தின் பகுதியாகவோ அதன் மாற்றுருவாகவோ இருத்தலாகாது என வெளிப்படையாகச் சேர்த்தது. முப்பத்தாறு ஆண்டுகளின் பின்னர்ச் சட்டம் சேர்த்த அச்சொற்கள், தேடிய என்னும் அடையில் முன்னரே அடங்கியிருந்தன எனலாம். வேர் சட்டமாகாது என்பது உண்மை. ஆயினும் வரைவிலக்கணம் எழுதுவோர் வேரைக் கேட்டறிந்திருப்பின், வழக்காடிய குடும்பங்கள் சிலவற்றுக்கு அவ்வலைச்சல் நேர்ந்திராது.

உறவினரிடையே நிகழும் கைமாற்றத்தை விடுத்து அயலாரோடு நிகழும் கைமாற்றத்தை நோக்கினும் இவ்வுண்மை உறுதிப்படுகின்றது. ஈடு, ஒற்றி, அறுதி என்பன காணியுறுதிகளில் நாள்தோறும் பயிலும் சொற்கள். ஈடு என்பது இடு என்பதன் முதனிலை திரிந்த தொழிற்பெயர். கெடு கேடு ஆனதுபோல. கடனுக்கு எதிராக வைக்கப்படுவது ஈடு. காணி உடையவனிடமே இருக்க, அதன்மேல் பொறுப்பு மட்டும் ஏற்றப்படும். நட்டஈடு என்பதிலும் இழப்புக்கு எதிரே வைப்பது என்னும் கருத்தே உள்ளது. ஒற்றி என்பது ஒற்றுதல் என்பதன் அடியாகப் பிறந்தது. சோழர் காலக் கல்வெட்டுக்களிலும் பயில்வது. ஒற்றியில் காணி கடன் கொடுத்தவனின் கைக்கே மாறுகின்றது. அவன் வட்டிக்குப் பதிலாக விளைவை உண்கின்றான். அறுதி என்பது அறு என்பதன் அடியாகப் பிறந்தது. அங்கே உடையவனுக்கும் நிலத்துக்குமுள்ள தொடர்பு அறுகின்றது. அவ்வறுதலை நிலைநிறுத்தும் எழுத்தோ உறு என்னும் அடியாகப் பிறந்த உறுதி. அறுதி உறுதி என்னும் ஒரே தொடரில் ஒருவனுக்கு அறுவதும் மற்றவனுக்கு உறுவதும் அருகருகே நிற்கின்றன.

ஈட்டையும் ஒற்றியையும் ஒரே அடைமானம் என்னும் பொதுச்சொல்லாற் குறித்துவிடுவது இக்கால வழக்கு. அவ்வாறு குறிப்பவர் நிலத்தில் ஏர்பூட்டுபவன் யார் என்னும் செய்தியை அழித்துவிடுகின்றார். பழைய வழமையில் இது சிறு செய்தியன்று. காணி விற்கப்படும்போது முன்விலைகோரும் தகுதியுடையோருள், உறவினர், பங்காளிகள் என்போரோடு, அக்காணியை அடைமானமாகக் கொண்டிருந்த அயற்காணியாளரையும் ஐசாக்ஸ் தொகுப்பு சேர்த்திருந்தது. 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்க முன்விலைக் கட்டளைச்சட்டம் அத்தகுதியைக் கூட்டுரிமையாளருக்கும் விற்பவரின் வழியுரிமையாளராகக்கூடியோருக்கும் என வரையறுத்தபோது அயலார் நீங்கினர். எவர் நீங்கினர் என்பதை வரலாற்றுமாணவன் அறியவேண்டுமாயின் பழைய சொற்களின் வேறுபாடு காக்கப்பட்டிருத்தல் வேண்டும்.

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, ஒத்த பொருளுடையன போல் தோன்றும் சட்டச்சொற்களைப் பிரித்தறிவதற்குச் சொற்பிறப்பு ஒரு கருவியேயன்றித் தீர்ப்பன்று என்பது பெறப்படும். முதுசத்தில் வேரும் சட்டமும் ஒன்றுபட வழக்கு விலகிற்று. சீதனத்தில் வேர் கூறியதைச் சட்டம் முழுமையாகத் தரவில்லை. தேடியதேட்டத்தில் வேர் கூறியதைச் சட்டம் காலந்தாழ்த்தே கேட்டது. உரிமையிலோ சட்டம் பொதுச்சொல்லொன்றைத் தனக்கெனச் சுருக்கிக்கொண்டது. பொதுமக்களோ அதனைத் தமக்கென விரித்துக்கொண்டனர்.

ஆதலின் தமிழில் சட்டக் கலைச்சொல் அகராதி செய்வோர், ஆங்கிலச் சொல்லுக்கு எதிரே ஒரு தமிழ்ச்சொல்லை இட்டு அமைதல் போதாது. சொல்லின் பிறப்பு, அது மக்களிடையே பெற்ற வழக்கு, சட்டம் அதற்கு இன்ன ஆண்டில் விதித்த பொருள் என மூன்றையும் வேறுவேறாகக் காட்டுதல் வேண்டும். உரிமை போன்று மயக்கந்தரும் இடங்களில் உருமை என்னும் பேச்சுவடிவத்தையே கலைச்சொல்லாகக் கொள்வது தக்கது. அது கொச்சையென ஒதுக்கத்தக்கதன்று, வேறுபாட்டைக் காப்பாற்றிய வடிவமாகும். பல்கலைக்கழகத்தில் தமிழ் பயில்வோரும் சட்டம் பயில்வோரும் ஒருவர் வாயிலை ஒருவர் மிதியாதிருக்கும் வரை இப்பணி நிறைவேறாது. வழங்கும் மொழி ஒன்றாயிருந்தும் தன் காணியுறுதியைத் தானே படித்துப் பொருள்கொள்ள இயலாத மக்களுக்கு, இவ்விரு துறையினரும் சேர்ந்து செலுத்தவேண்டிய கடன் இது.